புது கியர் சைக்கிள், இடது பெடலில் ‘டக் டக்’: கடையில் எத்தனை முறை இறுக்கினாலும் திரும்ப வருகிறது (தருமபுரி)

நல்லம்பள்ளிக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சைக்கிள் விவரம் தெரிந்தவர்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

பொங்கலுக்கு முன்னால் தருமபுரி டவுனில் ஒரு கடையில் 21 கியர் சைக்கிள் வாங்கினேன். பதினாலாயிரத்துச் சொச்சம். சர்க்கரை எல்லையில் நிற்கிறது, நடங்கள் அல்லது மிதியுங்கள் என்று டாக்டர் சொன்னார். எனக்கு நடக்கப் பிடிக்காது. அதனால் நல்லம்பள்ளியிலிருந்து அதியமான்கோட்டை வழியாக தருமபுரிக்கு வேலைக்கு சைக்கிளிலேயே போய்வருகிறேன்.

வாங்கிய முதல் மாதத்திலேயே மேட்டில் அழுத்தி மிதித்தால் இடது கால் கீழே இறங்கும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். கடைக்குக் கொண்டுபோனேன். வேலை செய்யும் பையன் ஸ்பேனரைப் போட்டு இறுக்கிக் கொடுத்தான். இரண்டு மூன்று நாள் சத்தமில்லை, அப்புறம் மறுபடி அதேதான். திரும்பப் போனால் திரும்ப இறுக்குவான். ஓனரிடம் கேட்டேன். “புது வண்டி அப்படித்தான் சார், ஓட ஓட செட் ஆயிடும்” என்றார்.

போன தேய்பிறை அஷ்டமி அன்று அதியமான்கோட்டையில் காலபைரவர் கோயில் கூட்டத்துக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருந்தேன். இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) பெடலோடு தனியாகக் கழன்று காலோடு வந்துவிட்டது. நல்ல வேளை, வேகம் இல்லை. விளக்குப் போட சாம்பல் பூசணி விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் எழுந்து வந்து போல்ட்டைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

இப்போது கடையில் பேச்சே மாறிவிட்டது. கிராங்கின் ஓட்டை தேய்ந்துவிட்டதாம், லூசாகவே ஓட்டியது நான்தானாம், வாரண்டியில் வராதாம். புது கிராங்க், கூலி எல்லாம் சேர்த்து 850 ரூபாய் கேட்கிறார்கள்.

இன்னொரு தொந்தரவும் உண்டு. பின்னால் இருக்கும் பெரிய பல்லுக்கு (பல்சக்கரத்துக்கு) கியர் மாற்றினால் சில நேரம் செயின் அதையும் தாண்டி போக்ஸ் கம்பிப் பக்கம் விழுகிறது. “அந்தக் கியரைப் போடாதீங்க” என்பதுதான் கடையில் சொன்ன வைத்தியம். மேடு ஏறத்தானே அந்தக் கியர்?

850 கொடுப்பதா, சண்டை போடுவதா, வண்டியை வேறு எங்காவது காட்டுவதா?

பென்னாகரம் ரோடு:

வேறு கடைக்குப் போங்க ப்ரோ. அந்த ஏரியாவில் பாதிக் கடைகளில் விற்கத்தான் தெரியும். குழந்தைகள் மூணு சக்கர வண்டியும் கியர் வண்டியும் ஒரே பையன்தான் மாட்டுகிறான்.

பழையபேட்டை மெக்கானிக்:

வணக்கம் சார். நான் கிருஷ்ணகிரியில் இந்த வேலைதான் பார்க்கிறேன். உடனே வேறு கடைக்குப் போகாதீங்க. இன்னொருத்தர் கை வைத்துவிட்டால் “எவன் கழற்றினானோ அவனையே கேளு” என்று முதல் கடை ஒதுங்கிவிடும். முதலில் கோளாறு எதில் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கிராங்கைத் தற்காலிகமாக மாட்டி போல்ட்டை நன்றாக இறுக்குங்கள். சாதாரணமாக 14 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் சேரும், சில வண்டியில் 8 எம்எம் ஆலன் கீ. பிறகு வலது கிராங்கை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு இடது கிராங்கை வண்டிக்கு உள்ளேயும் வெளியேயும் ஆட்டிப் பாருங்கள். இடது மட்டும் ஆடினால் கோளாறு கிராங்கில். இரண்டும் சேர்ந்து ஆடினால் நடுவில் இருக்கும் பி.பி. செட் (இரண்டு கிராங்கையும் தாங்கும் அச்சும் பேரிங்கும்) லூஸ். இரண்டும் ஆடாமல் சத்தம் மட்டும் வந்தால் பெடலின் பேரிங்கையும் மரையையும் பார்க்க வேண்டும்.

அடுத்து போல்ட்டை முழுசாகக் கழற்றி ஓட்டைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அச்சின் சதுர முனை கிராங்கின் மட்டத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்க வேண்டும். முனையும் மட்டமும் சமமாக இருந்தால் போல்ட்டின் தலை அச்சில் போய் முட்டி நிற்கிறது, கிராங்கை அழுத்தவே இல்லை என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு இறுக்கினாலும் பிரயோஜனம் இல்லை.

காரணம் இதுதான். அச்சு இரும்பு, கிராங்க் அலுமினியம். அச்சு முனை நோக்கிச் சரிந்த சதுரம். கிராங்க் அதில் ஆப்பு இறங்குவதுபோல இறங்கிக் கவ்வ வேண்டும். முதல் நாள் சரியாக இறுக்காமல் ஓட்டினால் ஒவ்வொரு மிதிக்கும் இரும்பு மூலை அலுமினியத்தை நசுக்கும், சதுர ஓட்டை மெல்ல வட்டமாகும். அதன்பிறகு இறுக்கினால் இரண்டு நாள்தான் நிற்கும். உங்களுக்கு நடந்ததும் அதுவாகத்தான் இருக்கும்.

பழைய வண்டிகளில் கிராங்கை அச்சோடு பிடித்திருக்கும் காட்டர் பின் தேய்ந்தால் இதே ‘டக் டக்’ வரும். பத்து ரூபாய் பின்னைப் போட்டுச் சுத்தியலால் ரெண்டு தட்டு, முடிந்தது. இதில் பின் கிடையாது, கிராங்கையேதான் மாற்ற வேண்டும்.

இறுக்கும் அளவையும் சொல்லிவிடுகிறேன். இந்த போல்ட்டுக்கு ஷிமானோ சொல்வது 35 முதல் 50 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் முனையில் பதினாறு கிலோ எடையைத் தொங்கவிட்டால் ஏறக்குறைய 40 வரும். வண்டியோடு வரும் தகட்டு ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி இறுக்கினால் அதில் பாதிகூட வராது.

மொரப்பூர் தம்பி:

எனக்கும் இதே சத்தம் வந்தது அண்ணா. கிராங்க், பி.பி. எல்லாம் மாற்றச் சொல்லிக் காசைக் கரைத்தார்கள். கடைசியில் பெடல்தான் கோளாறு. கடைப்பையன் மரையில் ஏறாத பெடலை அடித்து ஏற்றியிருக்கிறான். நேரே கிராங்குக்குப் போகாதீங்க.

பழையபேட்டை மெக்கானிக்:

தம்பி சொல்வதும் நடக்கிற விஷயம்தான். இடது பெடலுக்கு மட்டும் மரை எதிர்ப்பக்கம், கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் இறுகும். புதுப் பையன்களுக்கு இது தெரியாமல் வலது பெடலை இடதில் திணிப்பார்கள். ஆனால் சாருக்குக் கழன்றது பெடல் அல்ல, கிராங்கே கழன்றிருக்கிறது. அதனால்தான் அதில் ஆரம்பிக்கச் சொன்னேன்.

காவேரிப்பட்டினம் சைக்கிள் கடை:

எங்கள் அப்பா காலத்திலிருந்து சைக்கிள் கடை வைத்திருக்கிறோம். கடைக்காரர் பக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும்.

வண்டி பெட்டியில் வரும்போது முன் வீல், ஹேண்டில், சீட், பெடல் எல்லாம் தனியாக இருக்கும். மீதி கம்பெனியில் மாட்டியது. அதை நம்பி விட்டுவிடக் கூடாது, ஒவ்வொரு நட்டையும் கடையில் ஒருமுறை பார்க்க வேண்டும். கியர் வண்டியை ஒழுங்காக மாட்டினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். வாங்குகிறவர் வாசலில் நின்றுகொண்டு “இன்னும் எவ்வளவு நேரம்?” என்பார். இன்னும் சிலர் ஆன்லைனில் வாங்கிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நூறு ரூபாய்க்கு மாட்டச் சொல்வார்கள். பையன்களும் நிற்பதில்லை. வேலை கற்றுக்கொண்டதும் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

ஒரு மாத ஃப்ரீ சர்வீசுக்குப் பத்து பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் வருவார்கள். ஆறு மாதம் கழித்து வண்டி ஆடுகிறது என்று சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கு வாரண்டி இல்லை என்று சொல்வதில் தப்பில்லை.

ஆனால் நல்லம்பள்ளிக்காரர் விஷயம் வேறு. சத்தம் கேட்டதும் கடைக்கு வந்திருக்கிறார், திரும்பத் திரும்ப வந்திருக்கிறார். அப்போதே கழற்றிப் பார்த்திருந்தால் ஓட்டை தேய்ந்திருக்காது. எங்கள் கடையாக இருந்தால் கிராங்க் நாங்கள்தான் போட்டுத் தருவோம். சார், ஒவ்வொரு முறை போனதற்கும் சர்வீஸ் கார்டில் எழுதி வாங்கினீர்களா?

நல்லம்பள்ளிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மெக்கானிக் அண்ணா சொன்னபடி பார்த்தேன். இடது மட்டும்தான் ஆடுகிறது, வலது கல் மாதிரி நிற்கிறது. போல்ட்டைக் கழற்றி டார்ச் அடித்தால் அச்சின் முனையும் கிராங்கும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். ஓட்டையின் மூலைகள் மழுங்கி, உள்ளே அலுமினியம் பளபளவென்று வழித்த மாதிரி இருக்கிறது. கறுப்புப் பொடி கையில் ஒட்டுகிறது. அச்சின் நான்கு மூலையும் கூராகத்தான் தெரிகிறது.

சர்வீஸ் கார்டில் ஒரே ஒரு தடவைதான் எழுதினார்கள். ஆனால் முதல் மாதமே சத்தத்தை வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருந்தேன். “கடைக்கு வாங்க சார், டைட் பண்ணிடலாம்” என்று பதிலும் போட்டிருக்கிறார். பில் என்று கொடுத்தது ‘எஸ்டிமேட்’ என்று அச்சடித்த சீட்டு. பணம் ஜிபேயில் போட்டேன்.

பழையபேட்டை மெக்கானிக்:

அப்படியானால் சந்தேகமே வேண்டாம், கிராங்க் போய்விட்டது. அச்சு நன்றாக இருப்பதால் பி.பி. மாற்றத் தேவையில்லை, இடது கிராங்க் மட்டும் போதும். செட்டாகத்தான் மாற்ற வேண்டும் என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீங்க. பழைய கிராங்கின் நீளத்தைப் பார்த்து அதே நீளத்தில் வாங்குங்கள். பின்பக்கத்தில் 170 அல்லது 175 என்று பொறித்திருக்கும். அது வலதோடு ஒத்துப்போக வேண்டும்.

செயின் போக்ஸ் பக்கம் விழுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீங்க சார். கிராங்கைவிட எனக்கு அதுதான் பயம். மேட்டில் நின்று மிதிக்கும்போது செயின் உள்ளே விழுந்து மாட்டினால் பின் வீல் ஒரே பிடியாய்ப் பிடித்துக்கொள்ளும். டீரெய்லரும் (செயினைப் பல் மாற்றித் தள்ளும் பாகம்) போகும், நாலு கம்பியும் போகும், ஆளும் விழுவார்.

வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பாருங்கள். டீரெய்லரில் இருக்கும் இரண்டு சின்னப் பல்சக்கரமும் மேலே உள்ள பல்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் போக்ஸ் பக்கம் சாய்ந்திருந்தால் ஹேங்கர், அதாவது டீரெய்லரை ஃபிரேமில் தொங்கவிடும் துண்டு, வளைந்திருக்கிறது. லோடு வண்டியில் வலது பக்கம் படுக்கப் போட்டு மேலே சாமான் அடுக்கினாலே வளைந்துவிடும், வண்டி கீழே விழுந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதை முதலில் நிமிர்த்த வேண்டும்.

நேராக இருந்தால் ‘எல்’ என்று எழுதிய சின்ன ஸ்குரூவைப் பாருங்கள். டீரெய்லர் உள்பக்கம் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு அதுதான் எல்லை. பின் வீலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பெரிய பல்லில் செயின் ஓடும்போது டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். செயின் பல்லைத் தாண்டினால் ஸ்குரூவை வலப்பக்கமாகக் கால் சுற்று, பிறகு இன்னொரு கால் சுற்று என்று கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். தாண்டுவது நின்ற இடத்தில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் திருப்பினால் பெரிய பல்லுக்கே ஏறாது.

பர்கூர் வக்கீல் குமாஸ்தா:

850 ரூபாய்க்குக் கேஸ் போடு என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டு பேசப் போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. முதலில் ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள், அதில் ஃபிரேம் நம்பர் இருக்கட்டும். பெரும்பாலும் பெடல் அச்சு போகும் கப்புக்கு அடியில் பொறித்திருக்கும், வண்டியைக் கவிழ்த்தால் தெரியும். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது, பில்லில் அதையும் ஒரு பார்வை பாருங்கள். பில் தர மறுத்தாலும் ஜிபே விவரமும் வாட்ஸ்ஆப் பதிலும் நல்ல ஆதாரம்தான்.

பேசியும் நடக்கவில்லை என்றால் 1915-க்குப் போன் போடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், காசு கிடையாது. அதற்கும் மேலே போக வேண்டுமானால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வண்டியை ஓசூரில் வாங்கியிருந்தாலும் சரி. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, பிரச்சினை வந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. (எங்கள் சாருக்கு இதை நான் எழுதியது தெரிய வேண்டாம்.)

இலக்கியம்பட்டி அக்கா:

நடுவில் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பெண்ணுக்குப் பதினொன்றாம் வகுப்பில் பள்ளியில் கொடுத்த விலையில்லா சைக்கிள். வந்த அன்றே கடைக்குக் கொண்டுபோய் எல்லா நட்டையும் இறுக்கிவிட்டோம். ஆனாலும் ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் செயின் கழன்றுவிடுகிறது. யூனிஃபார்ம் எல்லாம் கிரீஸ். கியர் எதுவும் கிடையாது. செயினையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.

பழையபேட்டை மெக்கானிக்:

பேச்சையே மாற்றிவிட்டீங்களே அக்கா. சரி. புது வண்டிக்கு எதற்கு புதுச் செயின்? செயின் தொய்ந்திருக்கும். நடுவில் விரலால் மேலும் கீழும் அசைத்தால் அரை அங்குலம் ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் தொய்வு. பின் வீல் நட்டு இரண்டையும் தளர்த்தி, வீலைப் பின்னால் இழுத்து, நேராக நிற்கிறதா என்று பார்த்து இறுக்கினால் போதும். வீலை இழுத்ததும் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பத்து நிமிட வேலை அக்கா.

செயின் தேய்ந்ததா என்று தெரிய வேண்டுமானால் பள்ளிக்கூட ஸ்கேலே போதும். செயினை இழுத்துப் பிடித்து ஒரு பின்னின் நடுவில் சுழியை வையுங்கள். 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்தால் செயின் நல்லது. அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப்போயிருந்தால் மாற்றலாம். எட்டில் ஒரு பங்கு தள்ளியிருந்தால் பல்லும் சேர்ந்து தேய்ந்திருக்கும்.

நல்லம்பள்ளிக்காரன்:

சனிக்கிழமை கடைக்குப் போய்வந்தேன். என்ன நடந்தது என்று கேட்டிருந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் போனேன். சத்தம் போடவில்லை. பழைய கிராங்கை கவுண்டரில் வைத்தேன். போனில் அந்த வீடியோவை, தேதி தெரிகிற மாதிரி, ஓட்டிக் காட்டினேன். “அன்றைக்கே கழற்றிப் பார்த்திருந்தால் இந்த ஓட்டை தேய்ந்திருக்குமா, நீங்களே சொல்லுங்க” என்று மட்டும் கேட்டேன். ஓனர் பையனைப் பார்த்தார். பையன் ஃபேனைப் பார்த்தான்.

“லூசா ஓட்டினா தேயத்தான் செய்யும் சார்” என்று ஒருமுறை ஆரம்பித்தார். லூஸ் என்று சொல்லித்தானே உங்களிடம் வந்தேன் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து கிராங்க் கடை கணக்கு, கூலி மட்டும் 150 என்றார். ஜி.எஸ்.டி. பில்லும் வேண்டும் என்றேன். “அதெல்லாம் எதுக்கு சார் இப்போ?” என்றார். 1915 என்று நான் வாயைத் திறக்கவே இல்லை, எஸ்டிமேட் சீட்டைக் கிராங்குக்குப் பக்கத்தில் வைத்தேன், அவ்வளவுதான். பில் வந்தது. கூலியும் போனது.

கிராங்க் 170, அதேதான் போட்டார்கள். என் எதிரிலேயே பையன் நீளமான கைப்பிடி போட்டு நின்றுகொண்டு இறுக்கினான். அப்புறம் செயின் விஷயம். பையனை வண்டிக்குப் பின்னால் உட்காரவைத்துக் காட்டினேன். கீழ்ச் சக்கரம் உள்ளே சாய்ந்துதான் இருந்தது. ஹேங்கரை நிமிர்த்த அவர்களிடம் கருவி இல்லை. பெரிய ஸ்பேனரை வைத்து வளைக்கப் பார்த்தான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ‘எல்’ ஸ்குரூவை மட்டும் திருப்பி, பெரிய பல்லைத் தாண்டாமல் வைத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இப்போது செயின் விழவில்லை. ஆனால் நடுக் கியர்களில் கரகரவென்று ஒரு சத்தம்.

கடைப் பெயரைத் தனியாகக் கேட்டு மெசேஜ் போடுகிறார்கள், சொல்லப் போவதில்லை. கடைசியில் சரிசெய்துதானே கொடுத்தார்கள்.

பென்னாகரம் ரோடு:

பெயரைச் சொன்னால்தானே அடுத்தவன் ஏமாறாமல் இருப்பான்? பூசணிக்காய் அம்மா இல்லையென்றால் போல்ட்டே கிடைத்திருக்காது, இதில் கடைக்குச் சப்போர்ட் வேறு.

காவேரிப்பட்டினம் சைக்கிள் கடை:

கிராங்கும் கூலியும் விட்டுக்கொடுத்த கடையின் பெயரைப் போட்டு அடித்தால் அடுத்த முறை எந்தக் கடைக்காரரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

பழையபேட்டை மெக்கானிக்:

அந்தச் சண்டையை நீங்கள் போடுங்கள். நல்லம்பள்ளி சார், கரகர சத்தம் ஹேங்கர் சாய்வினால்தான். ஸ்குரூ அதைத் தீர்க்காது, ஆபத்தை மட்டும் தடுக்கும். ஸ்பேனரால் வளைக்க விடாதது நல்லது, அலுமினிய ஹேங்கர் முறிந்துவிடும். உங்கள் வண்டியில் ஹேங்கர் தனித் துண்டாக ஒன்று அல்லது இரண்டு சின்ன ஸ்குரூவில் மாட்டியிருக்கிறதா, ஃபிரேமோடு சேர்ந்தே இருக்கிறதா என்று ஒரு போட்டோ போடுங்கள். தனித் துண்டு என்றால் அதே மாடலுக்குப் புதுசு வாங்கி மாற்றிவிடலாம். இரும்பு ஃபிரேமோடு சேர்ந்தது என்றால் நிமிர்த்தலாம், அதற்கு அளவு பார்க்கும் கம்பி என்னிடம் இருக்கிறது. கிருஷ்ணகிரிப் பக்கம் வந்தால் கொண்டுவாங்க.

புது கிராங்கை நாலைந்து நாள் ஓட்டிய பிறகு ஒருமுறை மறுபடி இறுக்கிவிடுங்கள். கொஞ்சம் உள்ளே இறங்கியிருக்கும், அது சாதாரணம். அதற்கு அப்புறமும் லூஸ் ஆனால்தான் யோசிக்க வேண்டும்.

இலக்கியம்பட்டி அக்கா:

வீலை இழுத்து இறுக்கினார்கள் தம்பி, செயின் கழல்வது நின்றுவிட்டது. இப்போது பிரேக் பிடித்தால் ‘கீச்’ என்கிறது.

பழையபேட்டை மெக்கானிக்:

பிரேக் கட்டை இப்போது ரிம்மின் விளிம்பில் படுகிறதா, டயரில் உரசுகிறதா, பாருங்கள் அக்கா. டயரில் உரசினால் இன்றைக்கே கட்டையைக் கீழே இறக்கச் சொல்லுங்கள், டயர் கிழிந்துவிடும். ரிம்மில்தான் படுகிறது என்றால் உப்புத்தாளால் கட்டையின் முகத்தை லேசாகத் தேய்த்து, ரிம்மில் கிரீஸ் பட்டிருந்தால் சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்துவிடுங்கள்.